அடி கேட்காதீர், அடி பொறுக்காதீர்
வணிகரும் காவல் நிலையமும்



சிங்கப்பெருமாள் கோவிலில் இரவு பத்து மணி என்றால் வியாபாரம் ஓய்ந்துவிட்டது என்று பொருளல்ல. ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளில் ஷிப்ட் முடித்து வரும் பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஜி.எஸ்.டி. சாலைச் சந்திப்பில் ஆட்களை இறக்கிவிடும் நேரம் அது. பால் பாக்கெட், முட்டை, ரொட்டி, அரைக் கிலோ வெங்காயம் என்று கேட்டு நிற்பவர்களில் பாதிப் பேர் பீகார், ஒடிசாப் பிள்ளைகள். பகல் முழுதும் ஈ ஓட்டிய கடைக்கு அந்த ஒரு மணி நேரம்தான் கல்லா நிறையும் நேரம்.

அதே நேரத்தில்தான் ரோந்து வண்டியும் வரும். "இன்னும் மூடலையா?" என்ற குரலும், ஷட்டரில் லத்தி தட்டும் சத்தமும் நமக்குப் பழக்கமானவை. "அஞ்சு நிமிஷம் சார்" என்று சொல்லிப் பாதி ஷட்டரை இறக்கிவிட்டு, உள்ளே நிற்பவருக்குச் சரக்கைக் கொடுத்து அனுப்புவோம். பெரும்பாலான நாட்களில் அத்துடன் முடிந்துவிடும். ஆனால் 2020 ஜூன் மாதத்திற்குப் பிறகு அந்தச் சத்தத்தைக் கேட்கும் ஒவ்வொரு வணிகர் மனத்திலும் ஓர் ஊரின் பெயர் வந்து போகிறது. அந்த ஊர் சாத்தான்குளம்.

போலீஸ் பலப்பிரயோகம் எந்த அளவுக்கு இருக்கலாம், அளவு மீறினால் யார் பதில் சொல்வது என்பது பற்றி வக்கீல்களும் பத்திரிகைகளும் நீண்ட நாட்களாக விவாதிக்கிறார்கள். நமக்கும் இதில் சொல்ல வேண்டியது உண்டு. அடி வாங்கும் இடத்தில் வணிகர் நின்றதுண்டு. அடிக்கச் சொல்லும் இடத்தில் நின்றதும் உண்டு. இரண்டையும் இந்தக் கட்டுரையில் மறைக்காமல் பேச விரும்புகிறோம்.

சாத்தான்குளத்தில் நடந்தது

தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில் பென்னிக்ஸ் என்பவர் செல்போன் கடை நடத்தி வந்தார். வயது 31. அவருடைய தந்தை ஜெயராஜும் வணிகர். 2020 ஜூன் 19 மாலை, ஊரடங்கில் அனுமதித்த நேரத்தைத் தாண்டிக் கடை திறந்திருந்ததாகச் சொல்லி ஜெயராஜைப் போலீசார் நிலையத்திற்கு அழைத்துச் சென்றனர். தகப்பனைக் கூட்டிப் போனார்களே என்று விசாரிக்க ஓடிய மகனும் நிலையத்திற்குள் வைக்கப்பட்டார்.

அன்றிரவு இருவரும் பல சுற்றுகளாக அடிக்கப்பட்டார்கள் என்பது பின்னர் வழக்கை விசாரித்த சி.பி.ஐ.யின் குற்றச்சாட்டு. மறுநாள் அரசு மருத்துவமனையில் காட்டி, சாத்தான்குளம் மாஜிஸ்திரேட்டிடம் காவல் உத்தரவு பெற்று, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தள்ளியிருந்த கோவில்பட்டி கிளைச் சிறையில் அடைத்தார்கள். ஜூன் 22 இரவு கோவில்பட்டி அரசு மருத்துவமனையில் மகன் இறந்தார். சில மணி நேரத்தில், 23 அதிகாலை, தந்தையும் இறந்தார்.

இரண்டு உயிர் போனதற்குத் தொடக்கம் கடை மூடும் நேரம் பற்றிய ஒரு பேச்சு! ஊரடங்கு உத்தரவை மீறியதற்கு அன்றைய இந்தியத் தண்டனைச் சட்டம் 188-ஆவது பிரிவில் இருந்த உச்சத் தண்டனையே 6 மாதம்தான். அதையும் நீதிமன்றம் விசாரித்துத் தீர்ப்பளிக்க வேண்டும்.

இதில் நாம் கூர்ந்து பார்க்க வேண்டிய ஒன்று உண்டு. போலீஸ் நிலையத்திலிருந்து சிறை வரைக்கும் வழியில் பல வாசல்கள் இருந்தன. மருத்துவர் பார்க்க வேண்டும். மாஜிஸ்திரேட் நேரில் பார்த்து, காயம் உண்டா, யாராவது அடித்தார்களா என்று கேட்க வேண்டும். சிறையில் சேர்க்கும்போது உடம்பைப் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு வாசலிலும் ஒருவர் நின்று "இது என்ன?" என்று உரக்கக் கேட்டிருந்தால் அந்த இருவரும் பிழைத்திருக்கக் கூடும். சிறைப் பதிவேட்டில் காயங்கள் எழுதப்பட்டன. பயணம் மட்டும் நிற்கவில்லை. சட்டம் ஏட்டில் இருந்தும், கேட்க ஆள் இல்லாத இடத்தில் அது ஊமையாகிவிடுகிறது.

உண்மை எப்படி வெளியே வந்தது?

தந்தையும் மகனும் தரையில் உருண்டு புரண்டதால் உள்காயம் ஏற்பட்டது என்ற வகையில் போலீஸ் தரப்பின் எஃப்.ஐ.ஆர். எழுதப்பட்டிருந்தது. அதைப் பொய்யாக்கியது பக்கத்துக் கடையின் கேமரா. எஃப்.ஐ.ஆரில் சொன்ன ரகளை எதுவும் அந்தப் பதிவில் இல்லை. திருடனைப் பிடிப்பதற்காக ஒரு வணிகர் மாட்டி வைத்த கேமரா, இன்னொரு வணிகரின் சாவுக்குச் சாட்சியாயிற்று.

சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதிகள் பி.என்.பிரகாஷ், பி.புகழேந்தி அமர்வு இதைத் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. அதன் உத்தரவுப்படி கோவில்பட்டி மாஜிஸ்திரேட் பாரதிதாசன் சாத்தான்குளம் நிலையத்திற்கு நேரில் சென்றார். விசாரிக்கச் சென்ற நீதித்துறை நடுவரையே மதிக்காமல், ஒரு காவலர் தரக்குறைவாகப் பேசியதாக அவர் உயர்நீதிமன்றத்திற்கு அறிக்கை அனுப்பினார். நிலையத்தின் கேமராப் பதிவுகள் அன்றன்றைக்கே தானாக அழிந்துவிடும்படி அமைக்கப்பட்டிருந்ததும் தெரிய வந்தது. இதன் பிறகு ஒரு போலீஸ் நிலையத்தை வருவாய்த் துறையின் கட்டுப்பாட்டில் வைக்கும்படி உயர்நீதிமன்றம் சொல்ல நேர்ந்தது. நம் மாநிலத்தில் இப்படிக் கேள்விப்பட்டதில்லை.

அந்த இரவு பணியில் இருந்த பெண் தலைமைக் காவலர் ரேவதி, தாம் பார்த்ததை மாஜிஸ்திரேட்டிடம் சொன்னார். கூட வேலை பார்ப்பவர்களுக்கு எதிராக, அதே கட்டடத்துக்குள் இருந்துகொண்டு வாய் திறப்பது எத்தனை கடினம் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். போலீஸ் என்றாலே ஒரே அச்சு என்று பேசுபவர்களுக்கு அவர் ஒருவரே பதில்.

சி.பி.சி.ஐ.டி. ஜூலை முதல் நாட்களில் இன்ஸ்பெக்டர் ஸ்ரீதர், சப்-இன்ஸ்பெக்டர்கள் பாலகிருஷ்ணன், ரகு கணேஷ் உட்படப் போலீசாரைக் கைது செய்யத் தொடங்கியது. பின் வழக்கு சி.பி.ஐ. கைக்கு மாறியது. கைதான 10 பேரில் ஒருவர் கொரோனாவில் இறந்தார். மீதி 9 பேர் மீது செப்டம்பரில் குற்றப்பத்திரிகை தாக்கலாயிற்று. குற்றப்பத்திரிகை மூன்று மாதத்தில் வந்தது. மதுரை நீதிமன்றத்தில் நடந்த விசாரணையோ ஐந்து ஆண்டுகளைத் தாண்டி நீண்டது. அந்தக் குடும்பத்துப் பெண்கள் அத்தனை ஆண்டும் நீதிமன்றத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வணிகர் சங்கங்கள் அன்று சும்மா இருக்கவில்லை. சாத்தான்குளத்தில் உடனே கடையடைப்பு. அடுத்து மாநிலத்தின் பல ஊர்களிலும் கடைகள் மூடப்பட்டன. ஊரடங்கால் ஏற்கெனவே நொந்துபோயிருந்த வணிகர்கள், வந்த கொஞ்ச வியாபாரத்தையும் விட்டுவிட்டு ஷட்டரை இறக்கினார்கள். அது நம் பெருமை. ஆனால் ஒரு கேள்வி நம்மைத் துளைக்கிறது. இறந்த பின் மாநிலமே கடையை அடைத்தது. அந்த முதல் இரவில், நிலைய வாசலில், உறவினரும் வக்கீல் நண்பர்களும் தவிர எத்தனை பேர் நின்றிருப்பார்கள்? நம் ஊரில் நாளை ஒருவரைக் கூட்டிப் போனால் எத்தனை பேர் போய் நிற்போம்?

போலீஸ் பக்கத்து நியாயம்

ஒரு பக்கமாகவே பேசுவது வணிகனுக்கு அழகல்ல. தராசின் இரண்டு தட்டையும் பார்க்க வேண்டும்.

2020 மார்ச் முதல் நாள் கணக்கில்லாமல் வெயிலில் நின்றவர்கள் போலீசார். அவர்களில் பலருக்கு நோய் தொற்றியது, சிலர் உயிரிழந்தனர். சாதாரண நாளிலும் ஒரு காவலருக்குத் திருவிழா பந்தோபஸ்து, மந்திரி வருகை, நீதிமன்றம், இரவு ரோந்து என்று வேலை முடிவதில்லை. மேலதிகாரி இரண்டு நாளில் திருடனைப் பிடி என்கிறார். விஞ்ஞான முறையில் புலனாய்வு செய்ய ஆளும் இல்லை, அவகாசமும் இல்லை. கையில் இருப்பது லத்திதான். இது நிலைமையை விளக்கும். அடித்ததை நியாயப்படுத்தாது.

இரண்டாவது, போலீஸ் இல்லாமல் நம்மால் ஒரு நாள் கடை திறக்க முடியாது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதியில் தொழிற்சாலைகள் வந்த பிறகு பழைய இரும்பு ஏலம், லாரி வாடகை, நிலம் என்று எதைத் தொட்டாலும் ரவுடிகளின் கை நீள்கிறது. மாமூல் கேட்டுக் கடை முன் வந்து நிற்பவனை நாம் என்ன செய்ய முடியும்? போலீஸிடம்தான் போக வேண்டும். அவர்கள் பலத்தைப் பயன்படுத்த வேண்டிய நேரம் உண்டு. கத்தியுடன் வருபவனிடம் காகிதத்தை நீட்ட முடியாது. சட்டமும் அதற்கு இடம் தருகிறது: கைதை எதிர்த்து முரண்டு பிடிப்பவனை அடக்கத் தேவையான பலம், தற்காப்புக்குத் தேவையான பலம். தேவை முடிந்த இடத்தில் பலமும் முடிய வேண்டும். பிடிபட்டு, நிராயுதபாணியாய், பூட்டிய அறைக்குள் நிற்பவன் மேல் விழும் ஒரே ஓர் அடிக்கும் எந்தச் சட்டத்திலும் இடம் கிடையாது.

நம் கை சுத்தமா?

இனி நம்மைப் பற்றி.

ரவுடி ஒருவனுக்குக் கையில் மாவுக்கட்டு போட்ட படம் பேப்பரில் வந்தால், "பாத்ரூமில் வழுக்கி விழுந்திருப்பான்" என்று கல்லாவில் உட்கார்ந்து சிரிப்பவர்கள் நாம். 2023 ஆகஸ்ட் 1 அன்று கூடுவாஞ்சேரி அருகே இருவர் போலீசாரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். செப்டம்பரில் ஸ்ரீபெரும்புதூர் அருகே இன்னொருவர். தாக்க வந்ததால் சுட்டோம் என்றது போலீஸ். இருக்கலாம். ஆனால் இப்படி ஒவ்வொரு சாவிலும் எஃப்.ஐ.ஆர். பதிந்து, சம்பந்தப்பட்ட நிலையத்தைச் சேராத அதிகாரியின் விசாரணையும் மாஜிஸ்திரேட் விசாரணையும் நடக்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் 2014-இலேயே விதித்திருக்கிறது. அந்த விசாரணை நடந்ததா என்று நம் கடைவீதியில் யாராவது கேட்டோமா? "ஒழிந்தான்" என்று சொல்லி இனிப்பு கொடுக்கும் பழக்கம்தான் நம்மிடம் இருக்கிறது. ரவுடிக்கு இல்லாத விசாரணை நாளை ரவுடி என்று பெயர் சூட்டப்பட்டவனுக்கும் இருக்காது. அந்தப் பெயரைச் சூட்டுபவர் யார் என்பதையும் யோசிக்க வேண்டும்.

இதைவிடக் கசப்பானது இன்னொன்று. கல்லாவில் பணம் குறைந்தால் வேலைக்காரப் பையன் மேல் சந்தேகம். கடன் வாங்கியவன் தவணை தப்பினால் கோபம். உடனே தெரிந்த ஏட்டுக்கு ஒரு போன்: "சார், கொஞ்சம் கவனிச்சு விசாரிங்க." இந்தக் "கவனிச்சு" என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று சொன்னவருக்கும் தெரியும், கேட்டவருக்கும் தெரியும். எழுத்தில் புகார் இல்லை, ரசீது இல்லை, பதிவு இல்லை.

2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் திருப்புவனம் அருகே மடப்புரத்தில் நடந்ததை நினைவுகூர்வோம். கோவிலுக்கு வந்தவரின் காரிலிருந்த நகை காணவில்லை என்று புகார். கோவிலில் தற்காலிகக் காவலாளியாக இருந்த 27 வயது அஜித்குமாரைத் தனிப்படைப் போலீசார் கூட்டிச் சென்று விசாரித்தார்கள். ஜூன் 28 அன்று அவர் இறந்தார். உடம்பில் 44 காயங்கள் என்று பிரேதப் பரிசோதனை சொன்னது. ஜன்னல் வழியே ஒருவர் எடுத்த செல்போன் படம் ஊரெல்லாம் பரவியது. எஃப்.ஐ.ஆர். இல்லாமலே தனிப்படை எப்படி விசாரிக்கலாம் என்று உயர்நீதிமன்றம் கேட்டது. ஐந்து காவலர்கள் கைதானார்கள், வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது.

பொருளைப் பறிகொடுத்தவர் புகார் கொடுப்பது உரிமை, அதைக் குறை சொல்ல முடியாது. புகாரைப் பெற்ற கை செய்ததுதான் குற்றம். ஆயினும் சாத்தான்குளத்தையும் மடப்புரத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலாவதில் நாம் ஜெயராஜ் நின்ற இடத்தில் நிற்கிறோம். இரண்டாவதில் நம் கடைப் பையன் அஜித்குமார் நின்ற இடத்தில் நிற்கிறான். அவனுக்கு விழும் அடியை நாம் சரி என்றால், நமக்கு விழும் அடியைத் தப்பு என்று சொல்ல நமக்கு வாய் ஏது?

கடல் கடந்தும் இதே கதை உண்டு. 2020 மே 25 அன்று அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரத்தில் ஒரு மளிகைக் கடை. ஜார்ஜ் ஃபிளாய்டு என்பவர் கொடுத்த 20 டாலர் நோட்டு கள்ள நோட்டு என்று கடை ஊழியருக்குச் சந்தேகம். கடையிலிருந்து போலீசுக்குப் போன் போயிற்று. வந்த போலீஸ்காரர் அவர் கழுத்தின் மேல் முழங்காலை 9 நிமிடத்துக்கும் மேலாக அழுத்தி வைத்திருந்தார். மனிதர் இறந்தார். நோட்டை வாங்கிய 19 வயது ஊழியர், தான் அதை வாங்காமல் மறுத்திருந்தால் இது நடந்திருக்காதே என்று நீதிமன்றத்தில் வருந்தினார். அங்கே 11 மாதத்திற்குள் குற்றத் தீர்ப்பு, அடுத்து இருபத்திரண்டரை ஆண்டுத் தண்டனை. கள்ள நோட்டு நம் கல்லாவுக்கும் வந்து போகும் சமாசாரம்தான். ஒரு நோட்டு, ஒரு போன், ஓர் உயிர்.

நமது உறுப்பினர் ஒருவர் சொன்னதையும் இங்கே எழுதுகிறோம். மளிகைக் கடை நடத்துபவர். ஒரு சனிக்கிழமை இரவு கணக்கு முடிக்கையில் எட்டாயிரம் ரூபாய் உதைத்தது. கடையில் ஒடிசாப் பையன் ஒருவன் மூட்டை இறக்கும் வேலையில் இருந்தான். பக்கத்துக் கடைக்காரர்கள், "ஒரு ராத்திரி ஸ்டேஷனில் விடுங்க, தானா கக்கிடுவான்" என்று யோசனை சொன்னார்கள். இவரும் போனைக் கையில் எடுத்துவிட்டார். பையன் மூலையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் ஏனோ மனம் வரவில்லை. "திங்கட்கிழமை பார்க்கலாம்" என்று விட்டுவிட்டார். திங்கட்கிழமை எண்ணெய் வண்டிக்காரர் வந்து, "அப்பா கொடுத்த எட்டாயிரம் போக பாக்கி எவ்வளவு அண்ணே?" என்று கேட்டார். பெரியவர் கல்லாவிலிருந்து எடுத்துக் கொடுத்ததைப் பேரேட்டில் எழுத மறந்திருந்தார். "அந்தப் பையன் முகத்தைப் பார்க்க ஒரு வாரம் ஆச்சு" என்று அந்த உறுப்பினர் நம்மிடம் சொன்னார். அவன் இன்றும் அங்கேதான் வேலை செய்கிறான். நடக்கவிருந்தது என்ன என்பது அவனுக்குத் தெரியாது.

சட்டம் நமக்குத் தந்திருப்பவை

டி.கே.பாசு வழக்கில் 1996-இல் சுப்ரீம் கோர்ட் கைது பற்றிய விதிகளை வகுத்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதீய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் அவற்றில் பல இடம்பெற்றுள்ளன. வணிகர் ஒவ்வொருவரும் மனத்தில் வைக்க வேண்டியவை இவை:

1. கைது செய்பவர் சட்டையில் பெயர் தெளிவாகத் தெரிய வேண்டும். கைதுக் குறிப்பு எழுத வேண்டும். அதில் குடும்பத்தார் ஒருவரோ அந்தப் பகுதியின் மதிப்புக்குரிய ஒருவரோ சாட்சிக் கையெழுத்திட வேண்டும். சங்கத் தலைவரோ செயலாளரோ அந்த மதிப்புக்குரியவராக நிற்கலாம் என்பதை மறவாதீர்கள்.

2. எதற்காகக் கைது என்பதைச் சொல்ல வேண்டும். உறவினருக்கோ நண்பருக்கோ உடனே தகவல் தர வேண்டும். விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்க உரிமை உண்டு.

3. 24 மணி நேரத்திற்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். கைதானவரை மருத்துவர் பரிசோதித்துக் காயங்களைக் குறிக்க வேண்டும். மாஜிஸ்திரேட் முன் நிற்கும்போது அடித்திருந்தால் அதை வாய் திறந்து சொல்ல வேண்டும். அந்த ஒரு நிமிடம் போனால் திரும்ப வராது.

4. ஏழு ஆண்டு வரை மட்டுமே தண்டனை உள்ள குற்றங்களில் கைது கட்டாயம் இல்லை. ஆஜராகும்படி நோட்டீஸ் கொடுப்பதே முறை. அர்னேஷ் குமார் வழக்கில் 2014-இல் வந்த தீர்ப்பு இது.

5. சாட்சியாக விசாரிக்க 60 வயதுக்கு மேற்பட்டவரையோ பெண்களையோ நிலையத்திற்கு வரச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. வீட்டிற்கு வந்துதான் விசாரிக்க வேண்டும்.

6. கடையைச் சோதனை போட்டுச் சரக்கைக் கைப்பற்றினால், அதை வீடியோ எடுக்க வேண்டும், கைப்பற்றிய பட்டியலில் சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். பட்டியல் நகலைக் கேட்டு வாங்குங்கள்.

7. காவலில் உள்ள எவருக்கும், வருமானம் எவ்வளவானாலும், இலவசச் சட்ட உதவி உண்டு. சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் தொலைபேசி எண் 15100. மனித உரிமை ஆணையத்திற்குப் புகார் செய்ய ஓராண்டு அவகாசம்.

8. சாத்தான்குளம் நடந்த அதே 2020-இல், டிசம்பர் 2 அன்று, எல்லாப் போலீஸ் நிலையங்களிலும் கேமரா பொருத்தி அதன் பதிவை நீண்ட காலம் காத்து வைக்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. பாதிக்கப்பட்டவர் அந்தப் பதிவைக் கேட்க உரிமை உண்டு. தாமதிக்காமல் எழுத்தில் கேளுங்கள்.

கடை நேரத்தைப் பொறுத்தவரை, அதைக் கவனிக்க 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டம் இருக்கிறது. அதை நடைமுறைப்படுத்துபவர் தொழிலாளர் துறை ஆய்வாளர். மீறலுக்கு அச்சட்டம் சொல்லும் தண்டனை அபராதம். 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் கடைகள் இரவும் பகலும் திறந்திருக்கலாம் என்று 2019-இல் அரசு ஆணை வந்து, பின்னர் நீட்டிக்கவும் பட்டது. அப்பனும் பிள்ளையும் நடத்தும் நம் சிறு கடைகளுக்கு அது நேரே பொருந்தாது. ஷிப்ட் தொழிலாளிக்குச் சோறும் பாலும் தருவது சிறு கடைதான். ஆகவே தொழிற்சாலைப் பகுதிகளில் சிறு கடைகளுக்கும் இரவு நேரம் பற்றித் தெளிவான ஆணை தர வேண்டும் என்று அரசைக் கேட்கிறோம். நேரம் தெளிவாக இருந்தால் ஷட்டர் முன் வாக்குவாதமே எழாது.

போலீஸ் மீதான புகாரைப் போலீசே விசாரித்தால் என்ன ஆகும் என்பதும் நீண்ட நாள் விவாதம். தனிப் புகார் ஆணையம் வேண்டும் என்று பிரகாஷ் சிங் வழக்கில் 2006-இல் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. ஓய்வு பெற்ற நீதிபதி தலைமையில் அமைய வேண்டும் என்பது அதன் கருத்து. தமிழ்நாட்டில் 2013-இல் வந்த சட்டம் மாநில ஆணையத்தின் தலைமையை உள்துறைச் செயலாளரிடம் கொடுத்தது. நம் கடை எடைக்கல்லை நாமே முத்திரை போட்டுக்கொள்ள அரசு விடுமா? இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை முத்திரை ஆய்வாளரிடம் கொண்டுபோக வேண்டும் அல்லவா? அதே நியாயம் காவல் துறைக்கும் பொருந்தும் என்றுதான் நாம் சொல்கிறோம்.

சங்கம் செய்ய வேண்டியது

அடுத்த பொதுக்குழுவுக்கு நாம் வைக்கும் யோசனைகள் இவை.

உறுப்பினர் ஒருவரையோ அவர் கடைப் பணியாளரையோ நிலையத்திற்குக் கூட்டிப் போனார்கள் என்று தெரிந்தால், அரை மணி நேரத்தில் சங்கத்திலிருந்து மூன்று பேர் அங்கே போய் நிற்க வேண்டும். சத்தம் போட வேண்டாம், கோஷம் வேண்டாம். "எந்த வழக்கு, கைதுக் குறிப்பில் சாட்சிக் கையெழுத்து நாங்கள் போடுகிறோம்" என்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டு நின்றால் போதும். பார்க்கிற கண் இருக்கும் இடத்தில் ஓங்கிய கை தானாக இறங்கும். இதற்காக ஒரு வக்கீலின் எண்ணும் மூன்று உறுப்பினர்களின் எண்ணும் ஒவ்வொரு கல்லாவிலும் ஒட்டியிருக்க வேண்டும்.

கடைக் கேமராக்களில் ஒன்றாவது சாலையைப் பார்க்கட்டும். பதிவு எத்தனை நாள் நிற்கிறது என்று இந்த வாரமே சோதியுங்கள். அசம்பாவிதம் நடந்தால் முதலில் அந்தப் பதிவைத் தனியே எடுத்து வையுங்கள்.

மாதம் ஒரு முறை நிலைய அதிகாரியுடன் சங்க நிர்வாகிகள் உட்கார்ந்து பேசுவது நல்லது. திருட்டு, மாமூல், போக்குவரத்து, கடை நேரம் எல்லாவற்றையும் பகலில், நாற்காலியில் உட்கார்ந்து பேசிவிட்டால் இரவில் லத்தியுடன் பேச வேண்டியதில்லை. நேர்மையாக நடக்கும் காவலர்களைச் சங்க மேடையில் பாராட்டவும் தயங்கக் கூடாது.

கடைசியாக, நமக்கு நாமே ஓர் உறுதி. திருட்டுப் போனால் எழுத்தில் புகார் கொடுப்போம், சி.எஸ்.ஆர். ரசீது வாங்குவோம், எஃப்.ஐ.ஆர். கேட்போம். "கவனிச்சு விசாரிங்க" என்ற சொல்லை இனி நம் வாயால் சொல்ல மாட்டோம். கடன் பாக்கிக்கு சிவில் கோர்ட் இருக்கிறது. சந்தேகப்பட்ட பையனை நிலையத்திற்கு அனுப்புமுன் பேரேட்டை இன்னொரு முறை புரட்டுவோம்.

அந்த ஜூன் 19 மாலை ஜெயராஜ் திரும்பி வந்திருந்தால், மறுநாள் காலை வழக்கம்போல் அந்தக் கடை திறந்திருக்கும். நம் ஊர்ச் சந்திப்பில் இன்றிரவும் கடைசி ஷிப்ட் பஸ் வரும், பால் கேட்டு நாலு பேர் நிற்பார்கள். அவர்களுக்குக் கொடுத்துவிட்டுக் கணக்கு முடித்து, முதலாளியும் பையனும் பத்திரமாக வீடு போய்ச் சேர வேண்டும். நாம் கேட்பது அவ்வளவுதான்.